சண்டைக்காரனுக்கு எழுது, மோள்

மோள், நீ தந்த கட்டை வாசிச்சு முடிச்சிட்டன். முதல் வசனமே ஒரு பக்கம் ஓடுது. உலகின் தலைசிறந்த, ஒப்புயர்வற்ற, காலத்தால் முந்திய, ஈடிணையற்ற திருக்கோணேஸ்வரப் பெருங்கோயில் எண்டு நீ இழுத்துக்கொண்டு போக, நான் முற்றுப்புள்ளியைத் தேடித் தேடி மூச்சு வாங்கிப் போனன். கடைசியில ஒரு அரோகரா மட்டும்தான் குறை. அதையும் சேர்த்தியெண்டால் தேர்த்திருவிழா மலருக்குக் குடுக்கலாம், பொன்னாடையும் போர்ப்பினம். கம்பஸுக்குக் குடுக்கிற தீசிஸ் எண்டால் கொஞ்சம் இரு, கதைப்பம்.

முகத்தைத் தூக்காத. நான் நாத்திகன் இல்லை. 1963இல கோணேசருக்குப் புதுக்கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் நடக்கேக்க சனத்துக்குள்ள நசிபட்டு நிண்டவன். அதுக்கு வேணுமெண்டால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு, வாறன். அந்தக்கால ராசா குளக்கோட்டன் கோயில் கட்டினதுக்குக் கூப்பிடாத. எனக்கு அவ்வளவு வயசில்லை, உன்ர அம்மம்மா என்ன சொன்னாலும்.

எங்கட ஊர் ஆக்களுக்கு இது பிறவியிலயே வாற வருத்தம். துறைமுகத்தைப் பற்றிக் கதைக்கிறதைப் பாரன். இஞ்ச லிங்கநகர் ஒழுங்கையில நிண்டு கேட்டால் உலகத்திலயே பெரிய இயற்கைத் துறைமுகம் எண்டு ஒருத்தன் சொல்லுவான். அடுத்தவன் இல்லையில்லை, ஆழத்தில ரெண்டாவது எண்டுவான். வெள்ளைக்காரனை ஏத்திக்கொண்டு உப்புவெளிக்குப் போற ஓட்டோக்காரத் தம்பிக்கு எல்லாத்திலயும் முதலாவதுதான், வாடகையும் அப்பிடித்தான். ஆர் அளந்தது, எதை அளந்தது எண்டு கேட்டால் "சொல்லுறாங்கள்" எண்டு மறுமொழி வரும். உன்ர தீசிஸில இதே "சொல்லுறாங்கள்" கொஞ்சம் உடுப்பு மாத்தி, "அறிஞர்கள் கூறுவர்" எண்டு வந்து கதிரையில குந்தியிருக்குது.

சரி, அளந்து பாப்பம். எங்கட துறைமுகத்தின்ர நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேர். சிட்னித் துறைமுகம் 5,500 ஹெக்டேர் வரும். "பெரிய" போச்சு. அழுதுகொண்டிருக்காமல் வேறை மாதிரி யோசி. ஐப்பசி, கார்த்திகையில வடகீழ்ப் பருவக்காத்து அடிக்கேக்க சென்னைப் பக்கம் பாய்க்கப்பல் நிக்க ஏலாது. அந்தக் காலத்தில அங்க துறைமுகமே இல்லை, திறந்த கடல். இங்கிலீஷ்காரன்ர போர்க்கப்பல் எல்லாம் சுத்திக்கொண்டு பம்பாய்க்கு ஓடவேணும். அந்தப் பக்கத்தில எந்தக் காத்துக்கும் ஒதுங்கக்கூடிய இடம் எண்டால் எங்கட குடாதான். அதாலதான் 1639இல போர்த்துக்கீசனிட்ட இருந்து ஒல்லாந்தன் பிடிச்சான். 1672இல பிரெஞ்சுக்காரன் வந்து மூக்கை நுழைச்சான். 1782இல தையில இங்கிலீஷ்காரன் பிடிக்க, ஆவணியில சுப்ரென் எண்ட பிரெஞ்சுத் தளபதி பறிச்சான். 1795இல இங்கிலீஷ்காரன் திரும்ப வந்து குந்தினவன், சுதந்திரத்துக்குப் பிறகும் 1957 மட்டும் எழும்பேல்லை. இப்ப பார், "உலகத்தில பெரியது" எண்டதை விட்டுப்போட்டு, "பாய்க்கப்பல் காலத்தில வங்கக்கடலில சண்டை பிடிக்கிறவனுக்கு இது இல்லாமல் சரிவராது" எண்டு சின்னனாய்ச் சொன்னால் எவன் வந்து மறுக்கப் போறான்? மறுக்கிறதெண்டால் அவன் காத்தையும் கலண்டரையும் எல்லோ மறுக்கவேணும்.

இனி உன்ர ஆறாம் பக்கத்துக்கு வருவம். "கி.மு. 2590இல் குளக்கோட்டு மன்னனால் இவ்வாலயம் கட்டப்பட்டமையைக் கோணேசர் கல்வெட்டு ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கின்றது." நல்லது. எந்தக் கல், மோள்? சொன்னால் ஒரு தேங்காய் கொண்டு போய் உடைச்சிட்டு வருவன். அது கல்லே இல்லை, நீ கேட்டுப் பாக்கேல்லை. கவிராஜ வரோதயர் செய்த ஏட்டு நூல் அது. பாட்டும் இருக்கு, வசனமும் இருக்கு. கலியுகம் 512 எண்டு அதில ஒரு கணக்குச் சொல்லியிருக்கு. நீ அதைக் கழிச்சுக் கி.மு. 2590 ஆக்கியிருக்கிறாய். கழித்தல் சரி. மிச்சம்தான் பிழை.

ஆனால் அந்த நூலைத் தூக்கி எறியாத. கோயில் தொழும்பு ஆர் ஆருக்கு, என்ன வேலை ஆரின்ர பொறுப்பு, ஆருக்கு என்ன உரித்து எண்டு அது சொல்லுற இடம் எல்லாம் தங்கம். அதை எழுதின காலத்துச் சனம் கோயிலை எப்பிடி நடத்தினவை, எப்பிடி நடக்கவேணும் எண்டு விரும்பினவை எண்டதுக்கு அது கண்கண்ட சாட்சி. நாலாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தின கட்டிடத்துக்குச் சாட்சி இல்லை. எந்தச் சாட்சியையும் அது பாத்ததுக்கு மட்டும் கூப்பிடு. பாக்காததைக் கேட்டாயெண்டால் பாவம், மரியாதைக்கு ஓம் எண்டுதான் சொல்லும்.

இதைவிடப் பெரிய பகிடி 31ஆம் பக்கத்தில. கோட்டைக்குள்ள கிடைச்ச சமஸ்கிருதக் கல்லைப் பற்றி எழுதியிருக்கிறாய். சக வருசம் 1145, அதாவது கி.பி. 1223இல, சோடகங்கதேவன் எண்டவன் கோகர்ணத்துக்கு, அதுதான் எங்கட ஊரின்ர பழைய பேர், வந்தான் எண்ட செய்தி அதில இருக்கு. அவன்தான் குளக்கோட்டன் எண்டு சில ஆய்வாளர் நினைக்கினம், அதையும் நீ ஏத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். ஆறாம் பக்கத்தில கி.மு. 2590, 31ஆம் பக்கத்தில கி.பி. 1223. உன்ர ஒரு தீசிஸுக்குள்ள அந்த மனுசன் 3,800 வருசம் உயிரோட நிண்டு கோயில் கட்டிக்கொண்டிருக்கிறார். குளமும் கோட்டமும் கட்டினவருக்குக் கொஞ்சம் ஆறுதல் குடு மோள்.

போர்த்துக்கீசன் கோயில் இடிச்ச வருசமும் இதே கதைதான். முன்னுரையில 1622, முடிவுரையில 1624. ரெண்டும் புத்தகங்களில இருக்கிற வருசம்தான், அதால நீ எதை எழுதினாலும் ஆரும் அடிக்க வரமாட்டினம். ஆனால் ஒண்டைப் பிடி. இல்லாட்டி இந்த நூல் இப்பிடிச் சொல்லுது, அந்த நூல் அப்பிடிச் சொல்லுது, நான் இன்ன காரணத்துக்காக இதை எடுக்கிறன் எண்டு ஒரு வரி எழுது. அந்த ஒரு வரிக்குத்தான் மோள் பட்டம் குடுக்கிறது. மிச்சம் எல்லாம் தட்டச்சு.

கோட்டை வாசலைப் பற்றியும் சொல்லவேணும். நீ எத்தினை தரம் அதால போயிருப்பாய்? மான் பாக்கிறதிலயும் செல்பி எடுக்கிறதிலயும் நேரம் போயிருக்கும். அடுத்த வெள்ளி போகேக்க வாசல் கல்லுக்குக் கிட்டப் போய் நில். ரெண்டு கயல்மீன் செதுக்கி இருக்கு, பாண்டியன்ர சின்னம். பக்கத்தில தமிழ் எழுத்து. வரி வரியாய் இருக்கு, ஆனால் ஒரு வரியும் முழுசாய் இல்லை. முன்னுக்கு ரெண்டு எழுத்து, பிறகு பொரிஞ்ச கல்லு, பிறகு மூண்டு எழுத்து, பிறகு ஒண்டுமில்லை. கையை வைச்சுத் தடவிப் பாத்தால் எங்க எழுத்து முடியுது, எங்க உளிபடாத கல்லு தொடங்குது எண்டே பிடிபடாது. ஆனால் எங்கட வீடுகளில இந்தக் கல்லுக்கு முழுப்பாட்டு இருக்கு. பறங்கி வந்து உடைப்பான், பிறகு இன்ன கண்காரன் ஆளுவான், அதுக்குப் பிறகு இன்னொருத்தன் எண்டு ஒரு எழுத்துத் தப்பாமல் வரும். நானும் சின்னனில பாடமாக்கினவன்தான், இப்பவும் நித்திரையில எழுப்பிக் கேட்டால் சொல்லுவன்.

கல்லு அரைகுறையாய்க் கதைக்குது, பாட்டு சரளமாய்க் கதைக்குது. இடைவெளி எங்க நிரம்பினது எண்டு நீ கேட்டிருக்கவேணும். கல்வெட்டுப் படிக்கிறவையள் எழுத்து அழிஞ்ச இடத்தில புள்ளி வைப்பினம். நீ அந்தப் புள்ளியில எல்லாம் பூ வைச்சிருக்கிறாய். பூவை எடு. ஒரு பக்கம் கல்லில இருக்கிறதை இருக்கிறபடி புள்ளியோட போடு. மறுபக்கம் சனத்தின்ர பாட்டைப் போடு. கோயில் உடைஞ்ச பிறகு ஒரு ஊர் தன்ர துக்கத்தை ஆரூடமாய் மாத்தி வைச்சிருந்தது எண்டு நீ எழுதலாம். அதுவும் வரலாறுதான், அதை ஒருத்தனும் பறிக்க ஏலாது. போர்த்துக்கீசர் அந்தக் கல்லைப் படியெடுத்து அனுப்பினவை எண்டு குவைறோஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். நீ அதை அடிக்குறிப்பில, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில போட்டிருக்கிறாய். கொண்டு வந்து நடுவில வை. இடிச்சவன்ர பக்கத்து ஆளே பேனை எடுத்து, இந்தக் கோயில் கிழக்கில இருக்கிற மற்றச் சமயத்தாருக்கு ரோமாபுரி மாதிரி எண்ட கருத்தில எழுதிவைச்சிருக்கிறார். நீ நூறு தரம் ஒப்புயர்வற்ற எண்டு எழுதினதிலும் அது பெறுமதி. நீ புகழுறது உன்ர கடமை. அவர் புகழ வேண்டிய தேவை என்ன?

நான் துறைமுகத்தில டாலி பாத்தவன் எண்டு உனக்குத் தெரியும். கப்பல்காரன்ர கடதாசியில இத்தினை மூட்டை எண்டு அழகாய் அடிச்சிருக்கும். நாங்கள் பலகையும் பென்சிலுமாய் நிண்டு, ஒவ்வொரு சிலிங்காய் இறங்க இறங்க நாலு கோடு கீறி ஐஞ்சாவதைக் குறுக்க இழுப்பம். பொழுதுபட ரெண்டையும் ஒத்துப் பாக்கிறது. குறைஞ்சால் குறைஞ்சது எண்டு எழுதிறது, கூடினால் கூடினது எண்டு எழுதிறது. கப்பல் எங்கட ஆள் கப்பலோ வேற்றாள் கப்பலோ, கோட்டுக்குத் தெரியாது. உன்ர தீசிஸில கடதாசி மட்டும்தான் இருக்கு. கோடு கீறின பலகையைக் காணேல்லை.

பலகை உன்னட்ட இல்லாமலும் இல்லை. கொண்டு போய் ஒளிச்சு வைச்சிருக்கிறாய். நிலாவெளிக் கல்வெட்டுக்கு ஒரேயொரு வரி! நீ கோணேசபுரிக் கம்பஸுக்கு ஒவ்வொரு நாளும் நிலாவெளி ரோட்டாலதானே பஸ்ஸில போறாய்? காதில வயரை மாட்டிக்கொண்டு போனால் எங்க தெரியப்போகுது. ஏறக்குறைய ஆயிரம் வருசத்துத் தமிழ்க் கல். கோணபர்வதம், மச்சகேஸ்வரம் எண்டு பேர் சொல்லி, கோயிலுக்கு 250 வேலி நிலம் எண்டு எழுதியிருக்கு. நீ என்ன செய்தாய்? "இதுவும் தொன்மைக்குச் சான்றாகும்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பந்திக்கு ஓடியிட்டாய். நில்லு. 250 வேலி எண்டால் சின்ன விசயமே? அவ்வளவு வயல் இருந்தால் குளம் இருந்திருக்கவேணும். குளம் இருந்தால் வாய்க்கால் பாக்க ஆள் வேணும். நெல்லு வந்தால் அளக்கக் கணக்குப்பிள்ளை வேணும், சண்டை வந்தால் தீர்க்கச் சபை வேணும். ஒரு கல்லில இருந்து ஒரு நாட்டையே எழுப்பலாம். அதுவும் இட்டுக்கட்டாமல், ஒவ்வொரு படிக்கும் ஏன் எண்டு சொல்லி. சான்றைக் கொண்டு வந்து மேசையில போட்டுவிட்டுக் கை தட்டுறது வாதமில்லை. இதில இருந்து அதுக்கு எப்பிடி வந்தாய் எண்டு நடந்து காட்டவேணும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில கோணமாமலைக்குப் பதிகம் பாடினதையும் அப்பிடித்தான் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாய். கடல் தாண்டின ஒரு கோயிலை அவர் பாடுறார் எண்டால், அக்கரையில இதன்ர பேர் எவ்வளவு தூரம் போயிருக்கவேணும் எண்டு ஒரு பந்தி எழுத உனக்குப் பஞ்சி.

இனித்தான் விசயம். சாட்சிக்காரன்ர காலில விழுறதிலும் சண்டைக்காரன்ர காலில விழலாம் எண்டு பழமொழி. தீசிஸ் எழுதிறவள் ரெண்டு பேரின்ர காலிலயும் விழவேணும். நீ ஆருக்கு எழுதுறாய்? உன்ர சேருக்கு. அவர் எங்கட ஆள், கோயிலில பாத்தால் திருநீறு தந்து சிரிப்பார். நீ என்ன எழுதினாலும் தலையாட்டுவார். உன்ர மச்சான்மார் பேஸ்புக்கில போட்டால் ஆயிரம் பேர் கும்பிடு போடுவினம். அவையளுக்கு எழுதத் தேவையில்லை, ஏற்கனவே நம்பிக்கொண்டுதானே இருக்கினம். அனுராதபுரத்தில பிறந்து வளந்த ஒரு கெட்டிக்காரச் சிங்களப் பெடியனை நினை. அவனும் உன்னைப்போல தீசிஸ் எழுதுறான், தமிழும் வாசிப்பான், நேர்மையானவன், ஆனால் உன்னை நம்பவேணும் எண்ட அவசியம் அவனுக்கில்லை. அவனுக்கு எழுது.

நீ மகாவம்சத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற இடத்தில அவன் கையை உயர்த்துவான். மகாசேனன் எண்ட ராசா கோகர்ணத்தில தேவர் கோயிலை இடிச்சு விகாரை கட்டினான் எண்டு அதில இருக்கு, உரைகாரர் அது சிவலிங்கக் கோயில் எண்டு விளக்கம் சொல்லுறார். ஆகவே அப்பவே எங்கட கோயில் இருந்தது எண்டு நீ எழுதியிருக்கிறாய். அவன் கேப்பான், "அக்கா, அதே வரியில விகாரையும் இருக்கே, அதை ஏன் வாசிக்கேல்லை?" எண்டு. நீ வாயைப் பிளப்பாய். அந்த வரி ரெண்டு பக்கமும் வெட்டும் மோள். அதை நீயே முதல் சொல்லிப்போடு. கோயிலும் இருந்தது, பிறகு விகாரையும் வந்தது எண்டுதான் நூல் சொல்லுது, அதுக்குப் பிறகு ஏழாம் நூற்றாண்டில பதிகம் பாடுற அளவுக்குத் திரும்பவும் கோயில் நிண்டது எண்டு வரிசையாய் வை. அவன்ர கேள்வியை அவன் கேக்க முதல் நீ கேட்டாயெண்டால், பிறகு அவன் கதிரையில சாய்ஞ்சிருந்து வாசிப்பான்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வித்தை எண்டு நினைக்காத. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில சிவஞானசித்தியார் செய்யேக்க முதல் பரபக்கம் வைச்சார், பிறகுதான் சுபக்கம். உலகாயதன் தொடங்கிப் பதினாலு கட்சிக்காரரைக் கூப்பிட்டு, உங்கட கொள்கையைச் சொல்லுங்கோ எண்டு கேட்டு, அதை முழுசாய் எழுதிப்போட்டுத்தான் மறுத்தவர். கடவுளே இல்லை எண்டவனையும் வடிவாய்க் கதைக்க விட்டவர். உன்ர நாலாம் அத்தியாயத்தில ஒரு எதிர்க்கட்சிக்காரன் வாறானே, அவனைப் பார். பல்லுமில்லை, புத்தியுமில்லை, சத்துணவுமில்லை. ஒரு வசனம் சொல்லிப்போட்டு அவனாய் விழுந்து செத்துப் போறான். அவனை நானே வெல்லுவன், இந்த மூட்டுவருத்தத்தோட.

இன்னொரு ஆளையும் கவனி, வரலாற்றாசிரியர் இந்திரபாலா. 1965இல லண்டனில எழுதின ஆய்வில இலங்கைத் தமிழர் குடியேற்றத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தவர். அதால எங்கட ஆக்களிட்ட வாங்கிக் கட்டினது கொஞ்சமில்லை. நாப்பது வருசத்துக்குப் பிறகு, 2005இல வந்த புத்தகத்தில, இடையில கிடைச்ச அகழாய்வுச் சான்றுகளையும் வைச்சுப் பாத்துத் தன்ர பழைய முடிவைத் தானே மாத்தினார். எங்கட பக்கத்தார் 2005ஐ மட்டும் எடுப்பினம். மற்றப் பக்கத்தார் 1965ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வருவினம். ரெண்டையும் பக்கத்தில வைச்சு, இந்த மனுசன் எந்தச் சான்றுக்காக மாறினார் எண்டு நீ மூண்டு பக்கம் எழுதினாயெண்டால், முதல் அத்தியாயத்தில இருக்கிற அலங்காரம் எல்லாத்தையும் நான் மன்னிப்பன். ஏச்சுக்குப் பயந்து மாறினவர் எண்டால் அடுத்த வருசமே மாறியிருப்பார்.

சில்லறை விசயம் கொஞ்சம். நன்னூலில பவணந்தியார் நூலுக்கு வாற குற்றம் பத்து எண்டு பட்டியல் போட்டிருக்கிறார். உன்ர தீசிஸை முன்னுக்கு வைச்சுக்கொண்டுதான் எழுதினாரோ எண்டு எனக்குச் சந்தேகம். கூறியது கூறல் இருக்கு. மாறுகொளக் கூறல், அதுதான் நீண்ட ஆயுள் குளக்கோட்டன். மற்றொன்று விரித்தல் எண்டால் அந்த ஆடிவேல் வர்ணனை, தீசிஸுக்கும் அதுக்கும் என்ன சொந்தம்? சென்று தேய்ந்து இறுதல் எண்டு ஒண்டு, தொடங்கேக்க தவில், முடியேக்க நுளம்புச் சத்தம். உன்ர கடைசி அத்தியாயம். "மறுக்கமுடியாத உண்மையாகும்" எண்டு எங்க எங்க வருதோ அங்க எல்லாம் பென்சிலால வட்டம் போட்டிருக்கிறன். ஒரு வட்டத்துக்குப் பக்கத்திலயும் அடிக்குறிப்பு இல்லை. சான்று உள்ள இடத்தில நீ சத்தமில்லாமல்தான் எழுதியிருக்கிறாய், போய்ப் பார்.

பிறகு அந்த நூற்பட்டியல். அதில ரெண்டு புத்தகம் போன் சொல்லித் தந்தது எண்டு உன்ர தம்பி காட்டிக்குடுத்திட்டான். எந்த லைப்ரரியில இருக்கு எண்டு கேட்டால் முழிக்கிறாய். இல்லாத புத்தகத்தின்ர 114ஆம் பக்கத்தில இருந்து மேற்கோள் எடுத்த முதல் ஆள் எங்கட குடும்பத்தில நீதான். வெட்டு.

கன்னியா வெந்நீர் ஊத்தைப் பற்றி ஐஞ்சாம் அத்தியாயம் போடப் போறன், ராவணன் தாய்க்குக் கிரியை செய்யக் குத்தின ஏழு கிணறு எண்டு அம்மாவிட்டச் சொன்னாயாம். போடு, நான் தடுக்கேல்லை. ஆனால் முதல் ஒரு வெப்பமானி வாங்கு. ஏழு கிணத்துக்கும் சூடு ஒண்டில்லை எண்டு குளிச்சவனுக்கெல்லாம் தெரியும். விடிய ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், மழைக்கு ஒருக்கால், வெயிலுக்கு ஒருக்கால் எண்டு ஒவ்வொரு கிணத்துக்கும் எத்தினை பாகை எண்டு கொப்பியில கட்டம் கீறி எழுதிக்கொண்டு வா. அதுக்குப் பிறகு ராவணனைக் கூப்பிடுவம், ஆளும் எங்க போகப் போறார். பஸ் காசும் டிக்கெட் காசும் நான் தாறன். மிச்சத்துக்குக் கச்சான் வாங்கித் தின்னாமல் கணக்குக் காட்டவேணும், துண்டோட.